அப்டேட்: ரெண்டு வயசுலயே நாலு வயசு சைஸ்ல இருக்குற என் பொண்ணு

போன தடவை புலம்பியிருந்தேன்ல, இவ்ளோ பெரிய பொண்ணு கீழ விழுந்து புரண்டு அழலாமான்னு பார்க்குறவங்கல்லாம் கேக்குறாங்கன்னு, அதுக்கு அப்டேட். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட 2006 வளர்ச்சி சார்ட்ல உயரம் எடை ரெண்டுமே 97 கோட்டை (அதே வயசுல நூறு பொண்ணுங்கள்ல 97 பேர் இதுக்குக் கீழதான் இருப்பாங்க) ஒட்டித்தான் போகுது, ஆனா ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான், திடீர்னு கோடு தாண்டி ஏறினாதான் பார்க்கணுமாம், அப்பா அம்மா ரெண்டு பேருமே நெட்டைன்னா வேற எப்படி இருக்கும்னு சிரிச்சுட்டாங்க. காய்ச்சல் மருந்து மட்டும் வயசு பார்த்து இல்ல, எடை பார்த்துதான் கொடுக்கணும்.

பார்க்ல இப்பல்லாம் முதல்லயே வயசைச் சொல்லிடுறேன், பாதி பேர் வாய் அடைஞ்சுடுது. இப்போ புது தலைவலி, இவ ஆசையா போய் கட்டிப்பிடிச்சா எதிர்ல இருக்குற குழந்தை கவுந்துடுது!! கையைப் பிடிச்சு மெதுவான்னு காட்டிக் கொடுக்குறேன், சில நாள் கேக்குறா.