ஈஸ்டர் முட்டைக்குள்ள மிட்டாய் இல்லாம வேற என்ன போடலாம்?

வாண்டுகளின் அம்மா:
ஹாய் ஃப்ரெண்ட்ஸ், ஈஸ்டருக்கு வீட்டுக்குள்ளயே முட்டை தேடுற விளையாட்டு வைக்கலாம்னு இருக்கேன், ரெண்டா திறக்கிற பிளாஸ்டிக் முட்டை வாங்கியாச்சு. பெரியவனுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்கு ரெண்டு. சாக்லேட், மிட்டாய் வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் தவிர எனக்கு ஒண்ணும் தோணல, முட்டையும் உள்ளங்கைல அடங்குற சைஸ்தான். மறுநாளே குப்பைக்குப் போற சாமானும் வேண்டாம் ப்ளீஸ், ஐடியா இருந்தா சொல்லுங்க.

குட்டிமா:
பெரியவனுக்கு ஒரு ஜிக்சா பசில் வாங்கி பிரிச்சுப் போடுங்க சிஸ். 24 துண்டுன்னா 12 முட்டைல ரெண்டு ரெண்டா. எல்லா முட்டையும் கிடைச்சாதான் படம் முழுசாகும்ங்கறதால மூலை முடுக்கெல்லாம் விடாம தேடுவான், தேடி முடிச்சும் கொஞ்ச நேரம் உக்காந்து அடுக்குவான், உங்களுக்கும் ஒரு காபி குடிக்க டைம் கிடைக்கும் 😄 துண்டு முட்டைக்குள்ள நுழையுதான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

மாலா அக்கா:
சின்னவளுக்கு சாக்ஸ் சுருட்டி வைம்மா, விரல்ல மாட்டுற துணி பொம்மை வை, போதும். அந்த வயசுக்கு திறந்து மூடுறதுதான் விளையாட்டே. பெரியவனுக்கு கூப்பன் மாதிரி சீட்டு போடலாம், படிக்கத் தெரியலன்னா படமா வரைஞ்சிடு, புத்தகம் வரைஞ்சா இன்னிக்கு ராத்திரி ஒரு கதை எக்ஸ்ட்ரா, தலையணை வரைஞ்சா கூடாரம் கட்டி விளையாட்டு. காசே செலவில்ல, ஆனா சொன்னத செய்யணும், விடமாட்டானுங்க.

சும்மா ஒரு அப்பா:
ஐடியா எல்லாம் ஓகே, ஆனா ரெண்டு வயசுப் பாப்பா இருக்கே. டாய்லெட் பேப்பர் ரோல் நடுவுல இருக்கிற அட்டைக் குழாய்க்குள்ள நுழையுற எந்தச் சாமானும் மூணு வயசுக்குக் கீழ வேண்டாம், தொண்டைல அடைக்கும். அதனால பெரியவன் முட்டை ஒரு கலர், பாப்பா முட்டை வேற கலர்னு பிரிச்சிடுங்க, பாப்பாவோடத கீழயும் அவனோடத பாப்பாவுக்கு எட்டாத உயரத்துலயும் ஒளிச்சு வைங்க. லைட் எரியுற குட்டி பொம்மைல பட்டன் பேட்டரி இருக்கும், முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். குட்டி காந்தம், ஊதாத பலூன், தண்ணில ஊறிப் பெருசாகுற ஜெல் மணி இதெல்லாம் ரெண்டு பேருக்குமே வேண்டாம். பாதி முட்டை ஓடு வாய் மூக்க மூடிக்கலாம், பாப்பா விளையாடும்போது பக்கத்துலயே இருங்க.

ஸ்டெல்லா டீச்சர்:
இயேசு உயிர்த்தெழுந்த கதையச் சொல்ற மாதிரியும் செய்யலாம். எங்க சண்டே ஸ்கூல்ல 12 முட்டைக்கு நம்பர் போட்டு வரிசையா திறப்போம். குருத்தோலைத் துண்டு, வெள்ளிக் காசு, கல்லு, வெள்ளைத் துணி இப்படிப் போகும், கடைசி முட்டைல ஒண்ணுமே இருக்காது, ஏன்னா கல்லறை காலி. சின்னப் பசங்க ஏமாந்து மூஞ்சியத் தூக்கிக்குவாங்க, அப்பதான் கதையே சொல்லணும். முள், ஆணி எல்லாம் படமா வரைஞ்சு போடுங்க, காசும் கல்லும் உங்க கைலயே இருக்கட்டும்.

வாண்டுகளின் அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ்! ரெண்டு கலர் கண்டிப்பா, பசிலும் கூப்பனும் பெரியவனுக்கு. பேட்டரி பத்தி யோசிக்கவே இல்ல அண்ணா, லைட் மோதிரம் வாங்குறதா இருந்தேன், கட். டீச்சர், முட்டை தானா திறந்துக்குதே, டேப் ஒட்டலாமா?

ஸ்டெல்லா டீச்சர்:
பெரியவனோடதுக்கு மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, ஒரு முனைய மடிச்சு விட்டா அவனே பிச்சுக்குவான். பாப்பாவுக்கு வேண்டாம், டேப் நேரா வாய்க்குத்தான் போகும்.