விரல் வெளுக்கிறது, பிறகு நீலமாகிறது: வேறு யாருக்கும் இப்படி உண்டா?

பாயான் லெப்பாஸ் அக்கா:
எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. உள்ளே ஏர்கோன் எப்போதும் பலமாக ஓடும். சில மாதங்களாக ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இரண்டு கையிலும் நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து மரத்துவிடுகின்றன. பிறகு நீலம். வெளியே வந்து வெயிலில் நின்றால் சிவந்து, குத்திக் குத்தி எரியும். கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. மாமியார் "ரத்தம் கம்மி, முருங்கைக்கீரை சாப்பிடு" என்கிறார். ஆனால் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கிறது. வயது 42. பினாங்கு வெக்கையில் குளிர் நோய் வருமா?

செராஸ் தம்பி:
வரும் அக்கா. ஏர்கோனும் ஐஸ் தண்ணீரும் போதும். என் தங்கைக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உண்டு. குளிரான கெந்திங் மலைக்குப் போனால் கையுறை இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டாள். ரேனோ என்று சொல்கிறார்கள். 1862-ல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தது. குளிரோ மனப்பதற்றமோ வந்தால் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்கின்றன. ரத்தம் நின்றால் வெள்ளை, உள்ளே தேங்கியதில் ஆக்சிஜன் தீர்ந்தால் நீலம், திரும்பப் பாய்ந்தால் சிவப்பு. தங்கைக்கு வேறு நோய் எதுவும் இல்லை. கையை மட்டும் மூடினால் போதாது, உடம்பையே சூடாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அப்படிச் சும்மா வருவது பெரும்பாலும் முப்பதுக்குள் தொடங்கிவிடும். நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பட்டர்வொர்த் லோரிக்காரர்:
எனக்குக் காரணம் மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்குப் புரோப்ரனோலால் கொடுத்தார்கள். தலைவலி அடங்கியது, விரல் ஜில்லிட்டது. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யுமாம். டாக்டரே மெல்ல மெல்லக் குறைத்து வேறு கொடுத்தார். சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து. மூக்கடைப்புக்கு வாங்கும் சூடோஎபெட்ரின் மாத்திரையும் குழாயைச் சுருக்கும். சிகரெட்டைப் பற்றி நான் பேசக் கூடாது, மனைவியும் இதைப் படிப்பாள்.

செந்தூல்வாசி:
என் அண்ணன் கோலாலம்பூரில் ரோடு உடைக்கும் வேலை பார்த்தவர். வருடக்கணக்கில் ஜாக்ஹாம்மர் பிடித்த கை. விரல்நுனி வெளுக்க ஆரம்பித்தது, அப்புறம் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினார். முதலாளி "வயசாயிடுச்சுப்பா" என்று முடித்துவிட்டார். அதிர்வுக் கருவியால் விரல் வெளுக்கும் என்பதை 1918-லேயே அமெரிக்காவில் இண்டியானா கல்லுடைக்கும் தொழிலாளர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நூறு வருடம் கழித்தும் நம்மிடம் வயசு என்கிறார்கள்! தொழிலாளர் காப்புறுதி பார்க்கும் சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் அதிர்வால் வரும் ரத்தக்குழாய்க் கோளாறும் உண்டு. இதே வேலையில் இருப்பவர்கள் என்ன வேலை, என்ன கருவி, எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
ஒரு கை மட்டும் ஜில்லிட்டால் கதை வேறு. என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட கை வெளுத்து, டயாலிசிஸ் ஓடும்போது வலி அதிகமாகும். விரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை அந்த இணைப்பே இழுத்துக்கொண்டதாம். சின்ன ஆபரேஷனில் சரிசெய்தார்கள். "ஊசி குத்தின வலிதான்" என்று அவர் சொல்லாமலே இருந்துவிட்டார், ஆம்பிளைகள்!

ஜெலுத்தோங் பையன்:
புது ஜீன்ஸ் போட்ட அன்று எனக்கும் விரல் நீலம். பயந்து கிளினிக்குக்கு ஓடினேன். நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தார், போய்விட்டது. சாயம்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
சிரிக்க வைத்துவிட்டாய் தம்பி. நான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனால் சமீபமாக விரல் தடித்து மோதிரம் கழற்ற முடிவதில்லை, நெஞ்செரிச்சலும் இருக்கிறது. இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

ஈப்போ ரோடு சித்தி:
கண்டிப்பாகச் சொல்லும்மா. என் அக்காவுக்கு இதே வரிசையில்தான் வந்தது: முதலில் நிறம், பிறகு விரல் தடிப்பு, நெஞ்செரிச்சல். கடைசியில் தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மா என்று தெரிந்தது. உனக்கும் அதுதான் என்று சொல்லவில்லை, தைராய்டு குறைந்தாலும் கை தடிக்கும். அக்காவுக்கு ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், நகத்தடியில் இருக்கும் நுண்ணிய குழாய்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரை கொடுத்ததில் விரல் தேவலை, கால்தான் கொஞ்சம் வீங்குகிறது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), அங்கே மூட்டுவாத நிபுணருக்குக் கடிதம் கேள். ஒரு விரல் திடீரென்று கறுத்து வலி தாங்க முடியாமல் போனாலோ, நுனியில் புண் வந்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதே, நேரே எமர்ஜென்சி. அப்புறம், அடுத்த முறை வெளுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வை. நீ டாக்டர் முன்னால் உட்காரும் நேரத்தில் நிறம் திரும்பியிருக்கும்.