ஜூரியிடம் ‘எத்தனை டச்’ என்று ஜட்ஜ் சொல்ல மாட்டாரா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வணக்கம், எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. சித்தப்பா பொண்ணு லண்டன் பக்கம் இருக்கிறாள், இந்திய பாஸ்போர்ட்தான், ஆனாலும் அங்கே வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கப் போய் ஜூரியாக, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருத்தியாக, கூப்பிட்டுவிட்டார்கள். அறைக்குள் பன்னிரண்டு பேரும் பேசியதை வெளியே சொன்னால் அதுவே குற்றமாம், வாயே திறக்கவில்லை. கோர்ட்டில் எல்லாரும் கேட்க ஜட்ஜ் சொன்னதை மட்டும் சொன்னாள்: நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு, அந்த ஆள் எதையும் நிரூபிக்க வேண்டாம், அவர்தான் செய்தார் என்று நீங்கள் உறுதியாக இருந்தால் மட்டும் குற்றவாளி. அவ்வளவுதான். வெள்ளியின் சுத்தத்தை 70 டச், 80 டச் என்று சொல்லித்தானே விற்கிறோம், ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு நம்பர் கிடையாதா?

அஸ்தம்பட்டி வக்கீல்:
கிடையாது, கேட்டாலும் தர மாட்டார்கள். முன்பு அங்கேயும் ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ என்றுதான் சொல்வார்கள். நியாயமானது எது என்று ஜூரி கேட்கும், ஜட்ஜ் விளக்கப் போவார், அந்த விளக்கமே அப்பீலுக்கு வழியாகிவிடும். அமெரிக்காவில் 1990-இல் லூசியானா வழக்கு ஒன்றில், சந்தேகம் என்றால் ‘கடுமையான’ சந்தேகமாக இருக்க வேண்டும் என்கிற மாதிரி ஜூரிக்குச் சொல்லிவிட்டார்கள், கொலைத் தண்டனையையே சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்றால், ஆமாம். நம் ஜட்ஜ் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறார், தப்பு எங்கே என்று அதில் தேடலாம். ஜூரி ‘குற்றவாளி’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அப்பீலில் பிடித்துக்கொள்ள ஜட்ஜ் அவர்களிடம் சொன்ன வார்த்தைகள்தான் மிச்சம்.
இங்கிலாந்தில் 1935-இல் வூல்மிங்டன் என்ற பண்ணைத் தொழிலாளி தப்பியது அப்படித்தான். துப்பாக்கி தவறுதலாக வெடித்து மனைவி இறந்துவிட்டாள் என்றார். அதை நீதான் நிரூபிக்க வேண்டும் என்கிற மாதிரி ஜட்ஜ் ஜூரிக்குச் சொல்லியிருந்தார். அது தவறு, நிரூபிக்கும் சுமை கடைசிவரை அரசுத் தரப்பில்தான் என்று, அப்போது அங்கே கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை விடுவித்தது.

சூரமங்கலம் ரயிலடி:
நம் நாட்டில் நானாவதி வழக்கு இருக்கிறதே சார், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி? 8-க்கு 1 என்று ஜூரி விடச் சொன்னது, ஜட்ஜ் ஒத்துக்கொள்ளாமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
ஆமாம், ஆனால் அங்கே கதை தலைகீழ். திடீர் ஆத்திரம் போன்ற விதிவிலக்கைக் கோருகிறவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டம், பழைய 105-ஆம் பிரிவு. அதை ஜூரிக்கு ஜட்ஜ் சரியாகச் சொல்லவில்லை என்பதும் ஒரு குறையாக வந்தது. 1961-இல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. அதுதான் கடைசி ஜூரி வழக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள், 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரும்வரை சில இடங்களில் ஜூரி இருந்தது.

ஏற்காடு மிளகு:
எனக்கு ஜூரியெல்லாம் தெரியாது, செக் கேஸ் தெரியும். வியாபாரி ஒருத்தருக்கு செக்யூரிட்டியாகக் கொடுத்த வெத்துச் செக்கில் தொகையை நிரப்பிப் போட்டுவிட்டார். கையெழுத்து என்னுடையது என்றதுமே, கடனுக்குக் கொடுத்ததாகச் சட்டமே எடுத்துக்கொண்டது, இல்லை என்று காட்டுவது என் பாடு. ஆனால் சந்தேகமே இல்லாமல் காட்ட வேண்டாமாம், தராசு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதுமாம். மிளகு நோட்டில் அவர் கைப்பட எழுதியிருந்த ‘பாக்கி இல்லை’ என்ற ஒரு வரி காப்பாற்றியது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நன்றி வக்கீல் சார். இப்போதுதான் போனில் கேட்டேன். உறுதி என்றால் என்ன என்று இவர்களும் சீட்டு எழுதி அனுப்பினார்களாம். ஜட்ஜ் எல்லாரையும் கோர்ட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, அதே வரியை இன்னொரு முறை நிதானமாக வாசித்தாராம்.