புறங்காலில் நாடி கிடைக்காவிட்டால் விரல்களுக்கு இரத்தம் போகவில்லை என்று பொருளா?

கேள்வி:
செவிலியர் படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன். காலில் நாடி பார்க்கும் பயிற்சியை என் கால்களிலேயே செய்து பார்த்தேன். பெருவிரலை மேலே தூக்கும்போது புடைத்தெழும் தசைநாணுக்குச் சற்று வெளிப்புறமாக இரண்டு விரல்களை வைத்தவுடன், இடது காலில் துடிப்பு தெளிவாகத் தெரிந்தது. வலது காலில் கால் மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கால்விரல்கள் வெதுவெதுப்பாகவே இருக்கின்றன. நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் உடனே சிவந்துவிடுகிறது. அந்தத் தமனி இல்லையென்றால் விரல்களுக்கு இரத்தம் எவ்வழியாகச் செல்கிறது?

மறுமொழி 1:
பாதத்திற்கு இரத்தம் ஒரே வழியில் வருவதில்லை. முன்கால் தமனி கணுக்காலைக் கடந்ததும் தாங்கள் தேடிய புறங்கால் தமனியாகிறது. பின்கால் தமனியோ உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இறங்கி, உள்ளங்காலில் இரு கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் பெரியதான வெளிக்கிளை பாதத்தின் குறுக்கே வளைந்து உட்பக்கம் வர, புறங்கால் தமனியின் ஒரு கிளை முதலிரு அங்கால் எலும்புகளுக்கு (விரல்களுக்குப் பின்னால் பாதத்தில் உள்ள நீண்ட எலும்புகள்) இடையே கீழே இறங்கி அதனுடன் இணைகிறது. இந்த வளைவிலிருந்து புறப்படும் தமனிகளே விரல்களின் இடுக்குகளுக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து, அடுத்தடுத்த விரல்களின் பக்கங்களில் ஓடுகின்றன. இரு முனைகளிலிருந்தும் நிரம்பும் வாய்க்கால் போன்றது இது. ஒரு மடை சிறுத்திருந்தாலும் மற்றொன்று ஈடுகட்டிவிடும். நலமுள்ள சிலருக்குப் பிறவியிலேயே புறங்கால் தமனி மெலிந்திருக்கும். சிலருக்கு அது வெளிக்கணுக்கால் பக்கத்துத் தமனியிலிருந்து கிளைத்து வரும். ஆகவே கணுக்காலுக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுமொழி 2:
மேற்சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் அதை நோயாளிகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கோ நெடுநாள் புகைப்பவருக்கோ நாடி கிடைக்கவில்லையென்றால், பிறவி அமைப்பு என்று விட்டுவிடாமல், கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.90 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கால் தமனிகளில் அடைப்பு உண்டு எனக் கொள்வர். 1.40-ஐத் தாண்டினாலும் மகிழ்வதற்கில்லை. சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனியை அழுத்தம் அளக்கும் பட்டையால் நசுக்க முடியாததால் அந்த எண் பொய்யாக ஏறியிருக்கும். விரல்களின் சிறு தமனிகள் அவ்வளவாக இறுகுவதில்லை என்பதால், அந்நிலையில் பெருவிரலின் அழுத்தத்தை அளப்பதே நம்பகமானது.

மறுமொழி 3:
ஒரு சிறு குறிப்பு: புறங்கால் தமனி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் கிடப்பதால், அழுத்திப் பிடித்தால் துடிப்பு நின்றுவிடும். கட்டைவிரலால் தேடினால் தங்கள் நாடியையே நோயாளியின் நாடி என்று எண்ணிவிடவும் கூடும்.

கேட்டவர்:
வலது கணுக்காலின் உட்பக்க எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவே விரல் வைத்தவுடன் துடிப்பு நன்றாகக் கிடைத்தது. புறங்காலில் மெதுவாகத் தொட்டும் ஒன்றும் தெரியவில்லை. இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் டாப்ளர் கருவியை வைத்து ஒருமுறை கேட்டுப் பார்க்க ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.