அப்பாவுக்கு மூக்கு டியூப் போடலாமா வேண்டாமா?

கடைக்குட்டி:
அப்பாவுக்கு கணையத்துல கேன்சர், லிவருக்கும் பரவிடுச்சு, இனி கீமோ வேண்டாம் வீட்டுல வச்சு பாத்துக்கோங்கன்னுட்டாங்க. நாலு நாளா ரெண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல இறங்கல, ஊட்டப் போனா வாயை இறுக்கி மூடிக்கிறார். டாக்டர் டியூப் வேண்டாங்கிறார். அண்ணன் என்னடான்னா பெத்த அப்பனை பட்டினி போட்டு கொல்லப் பாக்குறியான்னு கத்துறான், அத்தை குளுக்கோஸாவது ஏத்துங்கடின்னு அழறாங்க. ராத்திரி தூக்கமே இல்ல.

நைட்டூட்டி:
பேலியேட்டிவ் வார்டு (குணமாக்க முடியாத நோய்ல வலி, அவஸ்தையைக் குறைச்சுப் பாத்துக்கிற இடம்) நர்ஸ் நான். நோய் இந்த அளவு முத்துனா பசியே அடங்கிடும்மா, உள்ள போறதையும் உடம்பு சதையா மாத்திக்காது. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டில்ல (5% தான் பொதுவா போடுவாங்க) 25 கிராம் சர்க்கரை, கூட்டிக் கழிச்சா ரெண்டு இட்லி சத்து. அந்தத் தண்ணி கால்லயும் வயித்துலயும் தேங்கும், நெஞ்சுல சளி கட்டி கர்கர்னு இழுக்கும். 2013ல அமெரிக்காவுல கடைசிக் கட்ட கேன்சர்காரங்க 129 பேர்ல பாதிப் பேருக்கு தினம் 1 லிட்டர் சலைன் தண்ணி, மீதிப் பேருக்கு 100 மில்லி மட்டும் ஏத்திப் பாத்தாங்க, அவஸ்தையும் குறையல, ஆயுசும் கூடல. வாய் காயுறதுதான் நிஜக் கஷ்டம், பஞ்சை நனைச்சு அடிக்கடி தொடச்சு விடுங்க, உதட்டுல தேங்கா எண்ணெய் தடவுங்க.

திருச்சிமாப்ள:
சிஸ்டர் சொல்றதை எல்லா கேஸுக்கும் வச்சுக்காதீங்க. என் மாமாவுக்கு தொண்டையில கேன்சர், நல்ல பசி, முழுங்கத்தான் முடியல, வயித்துல டியூப் வச்சப்புறம் ஏழு மாசம் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

நைட்டூட்டி:
கரெக்ட்டுங்க, அது வேற, பசி இருந்து வழி அடைச்ச கேஸ்.

வளையல்காரி:
எங்க அம்மாவுக்கு ஊர் வாய்க்கு பயந்து நாங்களே டிரிப்ஸ் கேட்டு வாங்கினோம். மூணாம் நாள் கை வீங்கி வளையலை வெட்டித்தான் எடுத்தோம், அதுக்குள்ள மூச்சு வேற வாங்க ஆரம்பிச்சிடுச்சு. இதுல அப்பாவை யாராவது கேட்டீங்களா? நெனவு இருந்தா வேண்டாம்னு சொல்ற உரிமை அவருக்கு இருக்கு, 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொன்னது.

கடைக்குட்டி:
யாருமே கேக்கலங்க. இப்போ அண்ணனை பக்கத்துல வச்சுக்கிட்டே கேட்டேன், மூக்கைத் தொட்டுக் காட்டி வேண்டாம்னு கையாட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சு காப்பி கேட்டார், நிமித்தி உக்கார வச்சு அண்ணன்தான் குடுத்தான், மூணு ஸ்பூன் போச்சு. அத்தை இன்னும் எங்கிட்ட முகம் குடுத்து பேசல.