அக்செப்டன்ஸ் ரேட் குறைவாக இருந்தால் நல்ல காலேஜா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

கேள்வி:

அக்கா, வணக்கம். நாங்கள் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மகன் பதினோராம் வகுப்பு. இரண்டு மாதமாகத் தபால் பெட்டி நிறையக் காலேஜ் கடிதங்கள். பேர் கேள்விப்பட்ட யுனிவர்சிட்டி எல்லாம் அவன் பேரைப் போட்டு, உன்னைப் போன்ற மாணவர்களைத்தான் எதிர்பார்க்கிறோம் என்று எழுதுகின்றன. அவன் அப்பா ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார். அதில் ஒன்றுக்கு ஏர்லி டிசிஷன் போட்டுவிடலாம் என்கிறார். இங்கே பார்க்கிற நம் ஆட்கள் எல்லாரும் ரேங்க் எத்தனை, அக்செப்டன்ஸ் ரேட் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ரேட் குறைய குறைய நல்ல காலேஜ் என்றுதானே அர்த்தம்? நாங்கள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருக்கிறோம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். மனசு கஷ்டப்படலாம், ஆனால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவை உங்கள் மகனின் திறமையைத் தனியாக எடைபோட்டுத் தேர்ந்தெடுத்து எழுதியவை அல்ல. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு போன்ற அமைப்புகளிடமிருந்து மாணவர்களின் பேரையும் முகவரியையும் கல்லூரிகள் விலைக்கு வாங்குவது பல வருஷமாக நடக்கிறது. எங்கேயோ ஒரு படிவத்தில் அவன் சம்மதம் என்று தட்டியிருப்பான். கடிதம் வந்தால் 'விண்ணப்பம் போடு' என்று அர்த்தம். இடம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

ஏன் இவ்வளவு செலவு பண்ணி எழுதுகிறார்கள்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் 2,000 இடம். இடம் கொடுத்தால் நாலு பேரில் ஒருவர்தான் வந்து சேருகிறார். அப்படியானால் 8,000 பேருக்கு அனுமதி கொடுத்தாக வேண்டும். 20,000 விண்ணப்பம் வந்தால் அக்செப்டன்ஸ் ரேட், அதாவது விண்ணப்பித்தவர்களில் இடம் கிடைத்தவர்களின் சதவீதம், 40%. கடிதம், மின்னஞ்சல், விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி என்று துரத்தித் துரத்தி 40,000 விண்ணப்பம் வாங்கிவிட்டால் அதே கல்லூரியின் ரேட் 20%.

அடுத்து ஏர்லி டிசிஷன். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். பாதி இடத்தை அதில் நிரப்பினால், 1,000 பேருக்குக் கொடுத்து 1,000 பேரும் வந்துவிடுவார்கள். மீதி 1,000 இடத்துக்கு 4,000 பேருக்குக் கொடுத்தால் போதும். மொத்தம் 5,000. ரேட் 12.5% ஆகிவிட்டது. 40-லிருந்து 12.5-க்கு இறங்கும் வரை அந்தக் கல்லூரியில் ஒரு ஆசிரியர்கூடப் புதிதாக வரவில்லை, ஒரு லேப்கூடக் கட்டவில்லை.

நாம் இதில் ஏமாறுவதற்கு நம் ஊர்ப் பழக்கம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். ரேங்க் வரிசையில் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், பிள்ளைதான் காலேஜைத் தேர்ந்தெடுக்கும். நல்ல மார்க் வாங்கியவர்கள் எதை எடுத்தார்கள் என்பதைத்தான் ஒரு காலேஜின் கட்-ஆஃப் சொல்கிறது. அதனால் அந்த எண்ணுக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. இங்கே அக்செப்டன்ஸ் ரேட் அப்படிப் பிறப்பதில்லை. எத்தனை பேரை விண்ணப்பிக்க வைத்தார்கள், எப்படி இடத்தை நிரப்பினார்கள் என்பதில் பிறக்கிறது. கட்-ஆஃபைப் படிக்கிற கண்ணோடு இதைப் படித்தால் தப்பாகத்தான் வரும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2000-களின் நடுவில் விண்ணப்பித்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு அங்கே இடம் கிடைத்தது. இப்போது இருபதில் ஒருவருக்குத்தான். அன்றைக்கும் அது உலகத் தரமான இடம்தான், நோபல் வாங்கியவர்கள் பாடம் நடத்திய இடம். அன்று படித்தவர்கள் யாரும் குறைந்த படிப்பு படித்துவிடவில்லை.

சரி, ரேங்க் என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? இங்கே எல்லாரும் சொல்லும் ரேங்க் யூ.எஸ். நியூஸ் என்ற பத்திரிகை போடுவது. அரசாங்கம் போடுவதில்லை. 1983-இல் தொடங்கினார்கள். அப்போது கல்லூரித் தலைவர்களிடம் கருத்து கேட்டுத்தான் பட்டியல் போட்டார்கள். இன்றைக்கும் மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, மற்ற கல்லூரிக்காரர்கள் இந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்குத்தான் போகிறது. அக்செப்டன்ஸ் ரேட்டை 2018-இல் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள், இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அதற்கப்புறமும் கல்லூரிகள் அதைக் குறைக்கப் பார்ப்பது, நம்மைப் போன்ற பெற்றோர் அதைப் பார்த்து மயங்குவதால்தான்.

பாஸ்டனில் இருக்கும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1996-இல் ரிச்சர்ட் ஃப்ரீலாண்ட் தலைவராக வந்தபோது அது 162-ஆவது இடத்தில் இருந்தது. முதல் நூறுக்குள் வருவது என்று முடிவெடுத்து, அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை வரிக்கு வரி பிரித்துப் பார்த்தார்கள். இருபது பேருக்குக் குறைவான வகுப்புக்குக் கூடுதல் மதிப்பு என்று தெரிந்ததும் நிறைய வகுப்புகளை 19 பேரோடு நிறுத்தினார்கள். மாணவர்கள் சுலபமாக விண்ணப்பிக்க, பல கல்லூரிகளுக்கு ஒரே படிவம் போதும் என்ற காமன் ஆப்பில் சேர்ந்தார்கள். 2006-இல் 98-ஆவது இடம். அவர்களின் கோ-ஆப் முறை, அதாவது படிக்கும்போதே ஆறு மாதம் கம்பெனியில் வேலை பார்ப்பது, உண்மையிலேயே நல்ல விஷயம். அதற்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ரேங்க் ஏறியதை மட்டும் பார்த்துவிட்டு, படிப்பும் அதே அளவு ஏறிவிட்டது என்று நினைக்கக்கூடாது.

கொலம்பியாவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் ரேங்குக்காகக் கொடுத்த எண்களைச் சரிபார்த்து, பல எண்கள் பொருந்தவில்லை என்று 2022 பிப்ரவரியில் விரிவாக எழுதி வெளியிட்டார். அப்போது கொலம்பியா 2-ஆவது இடம். செப்டம்பரில் சில தகவல்கள் தவறு என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. புதுப் பட்டியலில் 18-ஆவது இடம். அடுத்த வருஷம், இனிமேல் இளங்கலை ரேங்குக்குத் தகவலே கொடுப்பதில்லை என்று விலகிக்கொண்டது. ஒரே வருஷத்தில் 2-லிருந்து 18. அதே வகுப்பறை, அதே ஆசிரியர்கள், அதே நியூயார்க். அந்த வருஷம் அங்கே சேர்ந்த பிள்ளைக்கு என்ன குறைந்துவிட்டது? வேலைக்கு ஆகாத எண்ணுக்காகப் பிள்ளைகள் தூக்கமில்லாமல் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல் டீன் விஷயத்தில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. ஆன்லைன் எம்.பி.ஏ. ரேங்குக்காகப் பொய்த் தகவல் கொடுத்த வழக்கில் அவருக்கு 2022-இல் 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பெரியவளுக்கு ஒரு தனியார் கல்லூரி இடம் கொடுத்தது. ஆனால் செப்டம்பரில் வர வேண்டாம், முதல் செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு ஜனவரியில் வா என்றார்கள். நாங்கள் அதை ஏதோ சிறப்பு வாய்ப்பு என்று நினைத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். அப்புறம்தான் பள்ளி கவுன்சிலர் விளக்கினார். சராசரி மார்க், எஸ்.ஏ.டி. ஸ்கோர் எல்லாம் இலையுதிர் காலத்தில் சேரும் முதலாண்டு மாணவர்களை வைத்துத்தான் வெளியிடுவார்களாம். ஜனவரியில் வருகிறவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், கட்டணம் மட்டும் முழுசாக வரும். அவள் அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பிள்ளை எப்படிப்பட்டவள் என்பதை ஒரு கல்லூரியின் கணக்குவழக்கு முடிவு செய்ய விட்டுவிட்டோமே என்று நானும் அவரும் ரொம்ப நாள் வருத்தப்பட்டோம். அவள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள்.

கேள்வி:

அக்கா, படித்துவிட்டு ராத்திரி இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். அப்போ ஏர்லி டிசிஷன் போடவே கூடாதா? எச்-4-க்கு ஏதாவது தனி விதி இருக்கிறதா?

பதில்:

போடவே கூடாது என்று சொல்லமாட்டேன் தங்கச்சி. அந்தக் கல்லூரிதான் வேண்டும் என்று பையனே உறுதியாக இருந்து, முழுக் கட்டணமும் உங்களால் கட்ட முடியும் என்றால் போடலாம். அதில் மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பொதுவாக நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள், டிசம்பர் நடுவில் முடிவு வரும். இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும். அதாவது வேறு எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை கொடுத்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். கையில் காசு அதிகம் இருக்கும் குடும்பத்துக்குத்தான் இது வசதியான ஏற்பாடு.

எச்-4 விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். எச்-4 பிள்ளைகளுக்கு, ஃபாஃப்சா என்ற படிவம் போட்டுக் கேட்கும் அமெரிக்க அரசின் கல்வி உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே நடத்தும். உதவித்தொகை போக நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்ட, கல்லூரி வலைத்தளத்தில் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை மனதில் வைத்துப் போட்டது. அதில் வரும் தொகையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எச்-4 மாணவருக்கு என்ன உதவி உண்டு என்று கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. டெக்சாஸில் எச்-4 குடும்பம் 12 மாதம் இங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். நீங்கள் வந்து எட்டு மாதம், மகன் காலேஜ் போக இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். எச்-4 21 வயதோடு முடிந்துவிடும், அப்போது எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரலாம். மாறினால் கட்டணம் என்ன ஆகும் என்பதையும் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். கடைசி வருஷத்தில் கேட்டால் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கு யூ.டி. ஆஸ்டின், அதாவது ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம், பற்றியும் சொல்ல வேண்டும். 1997-இல் இந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பள்ளியில் முதல் 10%-க்குள் வரும் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் இந்த வரம்பு குறைந்துகொண்டே வந்து, 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5% ஆகியிருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊர்க் கணக்கு மாதிரி வெளிப்படையானது இது. ஆனால் பல்கலைக்கழகத்தில்தான் இடம் உறுதி, கம்ப்யூட்டர் சயின்ஸில் உறுதி இல்லை. அதற்குத் தனிப் போட்டி. ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கப் பள்ளிகளில் அந்த 5%-க்குள் வருவதும் லேசு இல்லை. இந்தியாவில் வாங்கிய மார்க்கைப் பள்ளி ரேங்கில் சேர்ப்பார்களா, எப்படிச் சேர்ப்பார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். எஸ்.ஏ.டி. ஸ்கோரோ, அது போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. ஸ்கோரோ இருந்தே ஆக வேண்டும் என்று 2024-இல் யூ.டி. மறுபடி சொல்லிவிட்டது.

கேள்வி:

சிஸ்டர், நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனாலும் பெரிய பேர் இருந்தால் வேலை, சம்பளம் எல்லாம் கூடத்தானே செய்யும்?

பதில்:

அண்ணா, நியாயமான கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் வேறு இடத்தில் படித்தவர்களைப் பார்த்தார்கள். சராசரிச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது. 2023-இல் ராஜ் செட்டி என்ற பொருளாதார நிபுணரும் உடன் பணிபுரிந்தவர்களும் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற பன்னிரண்டு பெரிய கல்லூரிகளை வைத்துச் செய்த ஆய்விலும் சராசரியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் வருமானத்தில் உச்சத்தில் இருக்கும் 1%-க்குள் போகும் வாய்ப்பு சுமார் 50% கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே பேருக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

செட்டியின் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரே எஸ்.ஏ.டி. ஸ்கோர் இருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட உச்ச 1% பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டு கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் முன்னுரிமை இருப்பது அதற்குப் பெரிய காரணம். நம் பிள்ளைகளுக்கு அந்த வழி எதுவும் இல்லை. ரேட் 5% என்று போட்டிருந்தால், நம் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் தன்னிடம் குறை என்று மட்டும் பிள்ளை நினைத்துவிடக்கூடாது.

ரேங்குக்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். கல்லூரியின் பேரோடு 'காமன் டேட்டா செட்' என்று போட்டுத் தேடுங்கள், பெரும்பாலான கல்லூரிகள் வருஷா வருஷம் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணை எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறார்கள் என்று சொல்லும். சி9-இல் எஸ்.ஏ.டி. ஸ்கோரோடு, எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள் என்பதும் இருக்கும். பாதிப் பேர்தான் கொடுத்திருந்தால், கொடுத்தவர்கள் நல்ல ஸ்கோர் வாங்கியவர்கள், அந்தச் சராசரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சி21-இல் ஏர்லி டிசிஷனில் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது. பி பகுதியில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள். எச்6-இல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகை, எச்-4 குடும்பங்கள் முதலில் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

ஃபிரிஸ்கோ தங்கச்சி, இந்த வாரமே பள்ளி கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, இந்தியா மார்க் பள்ளி ரேங்கில் எப்படிச் சேருகிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அதைத் தெரிந்துகொண்டு பையனுடைய பட்டியலைச் சேர்ந்து போடுவோம்.