மறுமொழி: வழித்தோன்றல் தேர்வியா, வாரிசுத் தேர்வியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வலைப்பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், ஒரு விதி பக்கத்தின் எந்த உறுப்புகளுக்கு என்று சொல்லும் பகுதிதான் தேர்வி (selector). தேர்விகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'descendant selector' என்பதற்கான சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை வந்தவை: சூழல் தேர்வி, உள்ளமை தேர்வி, வாரிசுத் தேர்வி, வழித்தோன்றல் தேர்வி. நான் கடைசிச் சொல்லின் பக்கம்.

சிஎஸ்எஸ்ஸில் வகுப்புப் பெயர்களை, அதாவது உறுப்புகளுக்கு நாம் இடும் குழுப் பெயர்களை (class), தமிழிலேயே வைக்கலாம் என்பதால் எடுத்துக்காட்டும் தமிழிலேயே இருக்கட்டும்.

.பட்டி .உருப்படி

பட்டிக்குள் எத்தனை அடுக்கு ஆழத்தில் இருந்தாலும் உருப்படி என்ற வகுப்புள்ள எல்லா உறுப்புகளையும் இது பிடிக்கும்.

.பட்டி > .உருப்படி

இது நேர்ப் பிள்ளைகளோடு நின்றுவிடும். பட்டியின் ஓர் உருப்படிக்குள் உட்பட்டி இருக்கிறது, அதிலும் உருப்படிகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் விதியில் கொடுத்த ஓரக்கோடு உட்பட்டியின் உருப்படிகளுக்கும் விழும், இரண்டாவதில் விழாது. பிள்ளையோடு நிற்பதா, பேரன், கொள்ளுப்பேரன் வரை போவதா என்பதுதான் வேறுபாடு. சொல்லும் அதைக் காட்ட வேண்டும்.

'உள்ளமை' காட்டவில்லை. நேர்ப் பிள்ளையும் உள்ளே அமைந்ததுதானே? தவிர, விதிக்குள் விதி எழுதும் வசதி இப்போது சிஎஸ்எஸ்ஸிலேயே வந்துவிட்டது. அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

'சூழல் தேர்வி' என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் பரிந்துரையில் ஆங்கிலப் பெயரே அந்தப் பொருளில்தான் இருந்தது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் > குறியும் அடுத்த உடன்பிறப்பைத் தேரும் + குறியும் சேர்ந்தன. அதே பதிப்பில் பழைய பெயரும் வழித்தோன்றல் என்ற பொருளுக்கு மாறியது. சூழலைப் பார்த்துத் தேர்வது மூன்றுமே என்று ஆனபின் ஒன்றுக்கு மட்டும் அந்தப் பெயர் பொருந்தாது.

'வாரிசு' சுருக்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெரிய குழப்பத்துக்கு அது வழிவிடும். மேலே உள்ள இரண்டாவது விதியிலேயே ஓரக்கோட்டுக்குப் பதில் எழுத்தின் நிறத்தைச் சிவப்பாக்கிப் பாருங்கள். > குறி இருந்தும் உட்பட்டியின் எழுத்துகள் சிவப்பாகிவிடும். தேர்வி அவற்றைத் தொடவே இல்லை. நிறம் என்ற பண்பு பெற்றோரிடமிருந்து மரபுரிமையாக இறங்கிவிட்டது. ஓரக்கோடு அப்படி இறங்குவதில்லை. தேர்வி எட்டுவது வேறு, பண்பு இறங்குவது வேறு. புதிதாகக் கற்பவர்கள் திணறுவது சரியாக இந்த இடத்தில்தான். வாரிசு என்றதும் சொத்து இறங்குவதுதான் மனதில் வரும். அதைத் தேர்விக்கு வைத்தால் இரண்டையும் நாமே குழப்பி விட்டவர்களாவோம்.

'வழித்தோன்றல்' நீளம் என்ற மறுப்பு வந்தது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் அகராதியைத் தேடாமலே புரியும், எத்தனை தலைமுறைக்கும் பொருந்தும், தனி உறுப்பையும் 'இது பட்டியின் வழித்தோன்றல்' என்று சொல்ல முடியும். 'கால்வழி' என்றால் பரம்பரை முழுவதையும் குறிக்கும், ஓர் உறுப்பைக் குறிக்காது. புணர்ச்சி விதிப்படி 'வழித்தோன்றற்றேர்வி' என்று எழுத வேண்டாம், பிரித்தே எழுதுவோம்.

பாடம் நடத்துபவர்களுக்கு ஒன்று: இந்தத் தேர்வியைத் தமிழ் வரிசையிலேயே படிக்கலாம். '.பட்டி .உருப்படி' என்பது 'பட்டியில் உள்ள உருப்படி'. எதற்கு அழகூட்டுகிறோமோ அது கடைசியில் வருகிறது. உலாவியும் பொதுவாகக் கடைசியில் உள்ளதை வைத்துத்தான் தொடங்கும்: இந்த உறுப்பு உருப்படியா என்று பார்த்துவிட்டு, மேலே ஏறிப் பட்டியைத் தேடும்.

அப்புறம், இரண்டு பெயர்களுக்கும் நடுவில் வரும் குறிக்கும் பெயர் வேண்டும். 'இணைப்பி' என்று போட்டால் மின்சாரத்தில் உள்ள சொல்லோடு மோதும். 'உறவுக்குறி' என்கிறேன். > என்பது சேய் உறவுக்குறி. வழித்தோன்றல் உறவுக்குறி வெறும் இடைவெளி. கண்ணில் படாத குறி என்பதால் பெயர் இன்னும் அவசியமாகிறது. '.பட்டி.உருப்படி' என்று இடைவெளி விடாமல் எழுதினால் இரண்டு வகுப்பும் கொண்ட ஒரே உறுப்பு என்று பொருள் மாறிவிடும், பிழைச்செய்தியும் வராது.

ஒரே பெற்றோரின் பிள்ளைகளில் உடனே அடுத்து வருவதைத் தேரும் +, பின்னால் வரும் எல்லாவற்றையும் தேரும் ~ இரண்டுக்கும் 'உடன்பிறப்பு' என்று பட்டியலில் இருக்கிறது. இரண்டுமே தமக்குப் பின்னால் வரும் உறுப்பைத்தான் தேரும், முன்னால் உள்ளதைத் தேராது. அதனால் + குறிக்கு 'அடுத்த பின்பிறப்பு', ~ குறிக்கு 'பின்பிறப்பு' என்று வைக்கலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் இதில் கருத்துச் சொன்னால் பட்டியலை முடித்துவிடலாம்.